பேன்கேக், வாஃபிள் இரண்டுக்கும் ஒரே ரெடிமேட் மாவு: வாங்கலாமா?

மீனலோசனி (எடிசன், நியூ ஜெர்சி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துக் கடையில் பால், முட்டை வைக்கும் குளிர்ப் பகுதியில் பேன்கேக் மாவைக் கரைத்தே விற்கிறார்கள். பால் வருகிற அட்டைப்பெட்டி மாதிரிதான் இருக்கிறது. மூடியைத் திறந்து கல்லில் ஊற்ற வேண்டியதுதான் வேலை. முட்டை உடைக்க வேண்டாம், பால் அளக்க வேண்டாம், பாத்திரமும் அதிகம் சேராது. பேன்கேக்குக்கும் ஆகும், வாஃபிளுக்கும் ஆகும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

வாங்கி இரண்டையும் செய்து பார்த்தேன். பேன்கேக் அருமை. கல்லில் விட்டதும் தானே ஒரு வட்டமாகப் பரவி நின்றது. மேலே குமிழ் வெடித்து, அந்த ஓட்டை மூடாமல் நிற்கும்போது திருப்பினேன். பொன்னிறம், உள்ளே மெத்தென்று இருந்தது, இனிப்பும் அளவுதான். பையன் சிரப்கூடக் கேட்காமல் சாப்பிட்டான்.

வாஃபிள்தான் சரியில்லை. மெஷினிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது, மேசைக்கு வருவதற்குள் துவண்டுவிடுகிறது. ஒரே மாவு, ஒன்று இவ்வளவு நன்றாகவும் இன்னொன்று இப்படியும் ஏன் வருகிறது? மொறுமொறுப்பு நிற்க என்ன சேர்க்கலாம்? திறந்த பெட்டியை எத்தனை நாள் வைக்கலாம் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குமரன் (டல்லாஸ்)

உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லைங்க. மாவின் கணக்கே அப்படி.

பேன்கேக்குக்கு வேண்டியது ஈரமும் மெதுமெதுப்பும். வாஃபிளுக்கு மேல்தோல் காய்ந்து கடினமாக வேண்டும். அதற்குக் கொழுப்பு கூடுதலாக வேண்டும், சர்க்கரையும் கொஞ்சம் கூட இருந்தால் நிறம் சீக்கிரம் ஏறும். இரண்டுக்கும் ஒரே மாவு என்று விற்கும்போது பெரும்பாலும் பேன்கேக் கணக்கில்தான் கலக்கிறார்கள், வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் வாஃபிள் மெஷின் இருக்காது என்பது என் ஊகம்.

இதைச் சரிசெய்வது சுலபம். ஒரு கப் மாவை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு. நாலைந்து சுற்று கலக்கினால் போதும், கட்டி கொஞ்சம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். அடித்துக் கலக்கினால் கோதுமையின் பசைத்தன்மை ஏறி ரப்பர் மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கிற காற்றும் போய்விடும். அரிசி மாவுக்குப் பதில் சோள ஸ்டார்ச் போடுகிறவர்களும் உண்டு. நம் வீட்டில் அரிசி மாவு எப்போதும் இருப்பதால் நான் அதையே போடுகிறேன், மொறுமொறுப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே தெரிகிறது.

அடுத்தது சூடு. மெஷினில் பச்சை விளக்கு எரிந்த உடனே ஊற்றாதீர்கள், இன்னும் சில நிமிடம் காயவிடுங்கள். ஊற்றி மூடியபின் பக்கவாட்டில் ஆவி பலமாக வரும். அந்த ஆவி அடங்கும்வரை திறக்கக் கூடாது. ஆவி வருகிறது என்றால் உள்ளே தண்ணீர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? அந்த நேரம் திறந்தால் இரண்டாகப் பிய்ந்து வரும், இல்லாவிட்டால் தட்டில் துவளும்.

எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள். கம்பித் தட்டில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஆவி நடுவில் மாட்டிக்கொண்டு எல்லாம் ஊறிவிடும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு என்றால் ஓவனை 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, கம்பித் தட்டோடு உள்ளே வைத்துவிடுங்கள்.

இங்கே டெக்சஸில் ஹோட்டல் காலை உணவில் டெக்சஸ் மாநில வரைபட வடிவத்திலேயே வாஃபிள் வரும், பார்த்திருப்பீர்கள். குழாயைத் திறந்து கப்பில் மாவு பிடித்து, ஊற்றி, மெஷினைத் தலைகீழாகத் திருப்புவோமே, அது நன்றாக வருவதற்குக் காரணமே அந்தக் கனமான தகடு சூடு இறங்காமல் இருப்பதுதான்.

---

செல்லம்மாள் (ஃப்ரீமான்ட்)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். கரைத்த மாவுக்குப் பணம் கொடுப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பெட்டியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைக் குளிரிலேயே லாரியில் கொண்டுவரும் செலவும் நம் தலையில்தான் விடியும்.

ஒரு கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. இதையே ஐந்து மடங்கு, ஆறு மடங்காகக் கலந்து டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். வேண்டும்போது ஒன்றேகால் கப் அளவு எடுத்து ஒரு கப் பால், ஒரு முட்டை, இரண்டு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய் சேர்த்தால் முடிந்தது. என்ன போட்டிருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். முட்டை சாப்பிடாதவர்கள் மோர் ஊற்றிக் கரைக்கலாம், அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துக்கொள்ள வேண்டும். பேன்கேக் ஒன்றும் நம் ஊர் ஆப்பம் மாதிரி நேரம் பார்த்துப் புளிக்கவைக்கும் வேலை இல்லையே.

---

மீனலோசனி

» கரைத்த மாவுக்குப் பணம் கொடுப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

செல்லம்மாள் அக்கா, இதே எடிசனில் இந்தியக் கடைக்குப் போனால் தோசை மாவு டப்பா டப்பாவாக விற்கிறது. அதை வாங்குகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உளுந்து ஊறவைத்து அரைக்க நேரமில்லாதவர்கள் வாங்குகிறார்கள், நானும் வாங்குகிறேன். பேன்கேக் மாவு கலக்கப் பத்து நிமிடம்தான் ஆகும் என்பது உண்மை. ஆனால் காலையில் பள்ளிப் பேருந்து வருமுன் அந்தப் பத்து நிமிடத்தில் நான் டிபன் டப்பா கட்ட வேண்டும், ஒரு ஆளுக்கு ஷூ தேட வேண்டும், இன்னொரு ஆளுக்குத் தலை பின்ன வேண்டும். மாவு தெளித்த மேடையைத் துடைக்கிற வேலை மிச்சம் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பேருந்து வராத சனி, ஞாயிறில் நீங்கள் சொன்ன அளவில் நிச்சயம் செய்வேன், குறித்துக்கொண்டேன்.

குமரன், அரிசி மாவு யோசனைக்கு மிக்க நன்றி. நாளைக்கே பார்த்துவிடுகிறேன்.

---

கயல் (டொராண்டோ)

நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். இங்கே பிளாஸ்டிக் போத்தலில் அரைவாசிக்கு உலர்ந்த மா போட்டு விற்கிறார்கள். கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு மூடிக் குலுக்கினால் சரி. அலுமாரியில் மாதக்கணக்காக இருக்கும், குளிர்ப்பெட்டியில் இடம் பிடிக்காது. பிள்ளைகள் தாங்களே குலுக்கிச் செய்வார்கள். குலுக்கினபிறகு ஐந்து நிமிடம் விட்டுவிட்டு ஊற்றினால்தான் நல்லா வரும், மா தண்ணீரை இழுக்க அவகாசம் வேண்டும்.

மா எது வாங்கினாலும் சிரப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கருத்து. பேன்கேக் சிரப் என்று மலிவாக இருப்பது பெரும்பாலும் சோளச் சிரப்பும் நிறமும் வாசனையும்தான். மேப்பிள் சிரப் ஒரு லிட்டர் எடுக்க மரத்துச் சாறு கிட்டத்தட்ட 40 லிட்டர் காய்ச்ச வேண்டும். இரவில் உறைந்து பகலில் இளகுகிற மார்ச், ஏப்ரல் மாதத்தில்தான் சாறு ஓடும். ஒன்ராறியோவில் அந்த நேரம் மேப்பிள் தோட்டங்களைத் திறந்துவிடுவார்கள், காய்ச்சுகிற கொட்டிலின் வாசத்தோடு சுடச்சுடப் பேன்கேக் தருவார்கள். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். கடும் நிறத்துச் சிரப்பில் சுவை அதிகம், பேன்கேக்குக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

---

பொன்னிநாடன் (சென்னை)

நல்ல இழை. எனக்கும் ஒரு கேள்வி. அமெரிக்காவிலிருந்து அக்கா வரும்போதெல்லாம் பெரிய பேன்கேக் மிக்ஸ் பாக்கெட் இரண்டு கொண்டுவருவார். தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்கிற வகை. திறந்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்வோம். எத்தனை மாதம் வைக்கலாம்? அப்புறம், அம்மா முட்டை சாப்பிட மாட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்றால் முட்டை இல்லை என்றுதானே அர்த்தம்?

---

குமரன் (டல்லாஸ்)

முட்டை கேள்விக்கு முதலில் பதில். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் நேர் எதிர். தண்ணீர் மட்டும் போதும் என்றால் பால் பவுடர், முட்டைப் பொடி எல்லாம் உள்ளேயே கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே முட்டை சேருங்கள் என்று எழுதியிருக்கும் மிக்ஸில்தான் முட்டை இல்லாமல் இருக்கும். அமெரிக்கப் பாக்கெட்டில் பச்சை வட்டம், பழுப்பு முக்கோணம் எதுவும் இருக்காது. பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலுக்குள்ளேயோ, அதற்குக் கீழேயோ பக்கத்திலேயோ தனி வரியாகவோ போட்டிருப்பார்கள், முட்டை இருந்தால் அங்கே தெரிந்துவிடும். 2006 முதல் முட்டை, பால், கோதுமை, சோயா உள்பட எட்டுப் பொருள்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம். 2023-இல் எள்ளையும் சேர்த்தார்கள்.

இந்த வகை மிக்ஸ் புதிதும் அல்ல. 1889-இல் மிசௌரி மாநிலம் செயின்ட் ஜோசப் ஊரில் பேர்ல் மில்லிங் கம்பெனி என்ற மாவு மில்தான் தானே உப்பும் பேன்கேக் மாவைப் பாக்கெட்டில் போட்டது. ஆரம்பத்தில் பால் ஊற்ற வேண்டியிருந்தது. மில் கைமாறிய பிறகு பால் பவுடரையும் உள்ளேயே கலந்து, தண்ணீர் போதும் என்று ஆக்கினார்கள். அதுதான் ஆன்ட் ஜெமைமா மாவு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஆன்ட் ஜெமைமா வேடத்தில் நின்று பேன்கேக் சுட்டுக் கொடுத்தவர் நான்சி கிரீன், அடிமையாகப் பிறந்த பெண். கறுப்பினப் பெண்ணை வீட்டு வேலைக்காரியாகவே காட்டும் அந்தப் பெயரும் படமும் நூறு வருடத்துக்கு மேல் பாக்கெட்டில் இருந்தன. 2021-இல்தான் எடுத்துவிட்டு பழைய மில்லின் பெயரையே வைத்தார்கள். அவ்வளவு காலம் விட்டுவைத்திருக்கவே கூடாது.

எத்தனை மாதம் என்பதற்கு, சென்னை வெயிலும் ஈரமும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

வெண்பா (சிங்கப்பூர்)

பொன்னிநாடன், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன், இங்கேயும் உங்கள் ஊர் மாதிரியே வெக்கையும் ஈரமும்தான்.

திறந்த மாவு பாக்கெட்டைச் சூடும் ஈரமும் உள்ள இடத்தில் நாள்கணக்கில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகும். வீட்டுத் தூசியில் இருக்கும் அதே இனங்களும் அதில் உண்டு. பார்த்தாலும் முகர்ந்தாலும் மாவு கெட்டமாதிரியே தெரியாது. தூசி ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டால், சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் வீங்கலாம், உடம்பெல்லாம் தடிக்கலாம், மூச்சுத் திணறலாம். உயிருக்கே ஆபத்தான அளவுக்குப் போனதும் உண்டு. வெனிசுவேலா போன்ற வெப்ப நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பேன்கேக் சாப்பிட்டு அடிக்கடி வந்ததால் இதற்குப் பேன்கேக் சிண்ட்ரோம் என்றே பெயர். கல்லில் வேகவைத்தாலும் ஒவ்வாமை தரும் அந்தப் புரதங்கள் அழிவதில்லை. இதுதான் பலருக்கும் தெரிவதில்லை, வெந்துவிட்டதே என்று நம்பிச் சாப்பிடுகிறார்கள்.

ஆகவே பாக்கெட்டைத் திறந்த அன்றே காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அலமாரியில் ரப்பர் பேண்ட் போட்டு இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அக்கா கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். ரவை, மைதா, பஜ்ஜி மிக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சாப்பிட்டபின் மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

---

பொன்னிநாடன்

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ரொம்ப நன்றி வெண்பா. முட்டை விஷயமும் அக்காவிடம் சொல்லிவிட்டேன், பட்டியலைப் படித்துப் பார்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

---

குமரன் (டல்லாஸ்)

மீனலோசனி, எத்தனை நாள் என்று கேட்டதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பெட்டியில் பெரிதாகத் தெரிகிற தேதி திறக்காத பெட்டிக்கு. திறந்தபின் எத்தனை நாள் என்று தனியாகச் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். உள்ளே பாலும் முட்டையும் இருக்கிறது. காலையில் சமையல் மேடையில் வெளியே வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஊற்றிய கையோடு உள்ளே வைத்துவிட வேண்டும்.

கெட்டுப் போகாவிட்டாலும் போகப்போக பேன்கேக் தட்டையாகும். சோடாவும் ஒரு அமிலப் பொருளும் சேர்ந்து வாயு வருவதால்தான் மாவு உப்புகிறது. சாதாரண பேக்கிங் பவுடரில் ஒரு பங்கு வாயு ஈரம் பட்ட உடனே வந்துவிடும், மீதிதான் சூட்டில் வரும். கரைத்தே விற்கும் மாவில் அது ஆகாது என்பதால், குளிரில் மெதுவாக வேலை செய்து கல்லின் சூட்டில்தான் முழுதாக விழித்துக்கொள்ளும் அமிலத்தைப் போடுகிறார்கள். பொருள் பட்டியலில் சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அதுதான் இது. மெதுவாக என்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். கடைசியில் தட்டையாக வருகிற மாவுக்கு, ஒரு கப்புக்குக் கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் தூவிக் கலந்து உடனே ஊற்றினால் எழும்பும். தேதி தாண்டிய மாவுக்கு இது வைத்தியம் ஆகாது.

பிள்ளைகள் விரலில் தொட்டு நக்கவும் விடாதீர்கள். முட்டையை பாஸ்டரைஸ் செய்திருந்தாலும் வேகாத மாவிலேயே ஈ. கோலி என்ற கிருமி இருக்கலாம். 2016-இல் அமெரிக்காவில் மைதாவாலேயே பலருக்கு நோய் வந்து, பெரிய அளவில் திரும்பப் பெற்றார்கள்.

கிரீம் வருகிற மாதிரி அழுத்த டப்பாவில் பேன்கேக் மாவு வந்தது இங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பேட்டர் பிளாஸ்டர் என்று பெயர், 2000-களின் பிற்பகுதியில் வந்தது. வாயு டப்பாவிலேயே இருப்பதால் பேன்கேக் நன்றாகவே எழும்பும். சில வருடத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு அது போனதில் வருத்தம்தான்.

---

செல்லம்மாள் (ஃப்ரீமான்ட்)

வாஃபிள் என்றால் எனக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெல்ஜியன் வாஃபிள் என்று நாம் சொல்கிறது 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்து விற்றபோதுதான் அமெரிக்கா முழுக்கப் பேரெடுத்தது. பிரஸ்ஸல்ஸ் ஊர்ப் பழைய முறையில் அதற்கு பேக்கிங் பவுடர் கிடையாது, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பார்கள். இரவில் மைதா, பால், வெண்ணெய், உப்பு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் கலந்து மூடி வைத்துவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். முட்டையைக் காலையில் சேர்த்து ஊற்ற வேண்டியதுதான். மேலே கண்ணாடி மாதிரி நொறுங்கும், உள்ளே லேசாக இருக்கும், கொஞ்சம் புளிப்பு வாசம். மாவு பொங்கினதா என்று காலையில் மூடியைத் திறந்து பார்க்கிற சந்தோஷம் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

மீனா, காலை நேரத்து அவசரம் எனக்கும் புரிகிறது. இதில் காலை வேலை உங்கள் பெட்டி மாவை விட அதிகமில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

---

தேனீ (டென்வர்)

மலை ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் வாயு கூடுதலாக விரிந்து, பேன்கேக் பொங்கி எழுந்து நடுவில் அமுங்கிவிடும். வீட்டில் கலக்கினால் பேக்கிங் பவுடரைக் குறைத்துக்கொள்ளலாம். கரைத்து வரும் மாவில் குறைக்க வழியில்லை. ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவும் கொஞ்சம் பாலும் சேர்த்தால் தாங்கும்.

திறந்தால் எத்தனை நாள் என்ற கவலைக்கு என் வழி வேறு. திறந்த அன்றே பெட்டி முழுவதையும் வாஃபிளாகச் சுட்டுவிடுவேன். லேசான நிறத்திலேயே எடுத்து, கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, இறுகியதும் ஒரே பையில் போட்டுவிடுவேன். காலையில் உறைந்தபடியே டோஸ்டரில் போட்டால் மொறுமொறுவென்று வந்துவிடும். கடையில் விற்கும் எக்கோ வாஃபிளும் இதேதான், 1953-இல் கலிபோர்னியாவில் சான் ஹோசேயைச் சேர்ந்த சகோதரர்கள் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுத்தால் வாரம் முழுக்கக் காலையில் கல்லே வைக்க வேண்டாம்.

---

மீனலோசனி

குமரன் சொன்னபடி வெண்ணெயும் அரிசி மாவும் சேர்த்து, ஆவி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று எடுத்தேன். கம்பித் தட்டில் ஆறியபின்னும் உடைத்தால் சத்தம் கேட்கிறது! பாதியைத் தேனீ சொன்ன மாதிரி ஃப்ரீசரில் வைத்தேன். டோஸ்டரில் போட்டு எடுத்தது அன்று சுட்டதை விட மொறுமொறுப்பாக இருந்தது, பெண்ணுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இனி என் கணக்கு இது. பெட்டி மாவை வாங்குவேன், பேன்கேக்குக்கு அப்படியே, வாஃபிளுக்கு அரிசி மாவு சேர்த்து, மீதி வைக்காமல் அன்றே சுட்டு ஃப்ரீசருக்குள். விடுமுறையில் செல்லம்மாள் அக்காவின் ஈஸ்ட் வாஃபிள். மெஷினில் ஸ்ப்ரே எண்ணெய் அடித்ததில் பழுப்பாக ஒரு பிசின் பிடித்திருக்கிறது, சோப்பு போட்டும் போகவில்லை. அதற்கு வழி உண்டா?

---

குமரன் (டல்லாஸ்)

அந்த ஸ்ப்ரேயில் எண்ணெயோடு லெசித்தின் இருக்கும், அது சூட்டில் ஒட்டாப் பூச்சின்மேல் படிந்து பிசினாகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, மெஷின் முழுக்க ஆறியபின் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் கழித்து மென்மையான பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். கம்பி நார் கூடவே கூடாது. ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுங்கள். இனிமேல் ஸ்ப்ரே வேண்டாம், மாவில் வெண்ணெய் இருப்பதால் பெரும்பாலும் எண்ணெயே தேவைப்படாது. ஒட்டினால் சாதாரண எண்ணெயை சிலிக்கான் பிரஷால் தொட்டுத் தடவினால் போதும்.